தலைவர் தோப்பில் வளர்ந்த பள்ளிக்கூடக் காடு

எங்க ஊர் பள்ளிக்கூடத்தில் குறுங்காடு வளர்க்க ஊராட்சி ஒன்றியம் பணம் கொடுத்தது. மரக்கன்றுகள் வந்து இறங்கின. ஆளுக்கு ஒன்று என்று பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர்கூட வைத்தார்கள். மறு வாரமே அத்தனையும் பஞ்சாயத்துத் தலைவர் சிவனணைந்தபெருமாளின் தோப்புக்குப் போய்விட்டன. ஊருக்கே தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருசம் கழித்து, காட்டைப் பார்க்க ஒன்றியத்து அதிகாரி அம்மா வரப்போவதாகத் தகவல் வந்தது. தலைவர், பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் பேச்சித்தாயைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நாளைக்கு அந்தம்மா கண்ணுல ஒரு காடு படணும். இல்லன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"பட வச்சிருவோம் தலைவரே."

மறுநாள் ஊரே பள்ளிக்கூடத்தில் கூடியிருக்க, அதிகாரி வந்து வெறும் பொட்டலைப் பார்த்தார். "காடு எங்கே?"

தலைவர் பேச்சித்தாயைப் பார்த்தார். அவள் முன்னால் வந்தாள்.

"இங்க வச்சா ஆடு மேஞ்சிரும்னு, தலைவரு தன் தோப்புலயே தண்ணி பாய்ச்சி வளத்திருக்காரும்மா. இன்னைக்கு அந்த இடத்தையே பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுக்கப் போறாரு."

"அப்படியா தலைவரே?"

இல்லை என்றால் திருடன் என்று ஆகிவிடும். "ஆமா," என்று முனகினார்.

தோப்புக் கதவு திறந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய், "இது என் மரம்!" என்று கட்டிக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

பேச்சித்தாய் எங்கள் பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளு இந்தக் கையெல்லாம் எங்க இருந்துச்சு?"

தட்டிய கையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.