கை படாத குழாய்

எதைக் கண்டாலும் கழற்றி, வேறு மாதிரி மாட்டிப் பார்ப்பது செண்பகத்தின் வழக்கம். குருவின் ரேடியோவைக்கூட அவள் விடவில்லை. அதற்குப் பிறகு ஆசிரமத்தில் நல்ல அமைதி.

ஊரில் இருந்தது ஒரே ஒரு பொதுக்குழாய். காலனியிலிருந்து வரும் அஞ்சலை அதைத் திறந்து தண்ணீர் பிடித்துவிட்டுப் போனால், மேலத்தெருப் பெண்கள் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொடுவார்கள். அஞ்சலையும் லேசுப்பட்டவள் இல்லை. அவர்கள் கழுவி முடித்ததும் திரும்பி வந்து இன்னொரு முறை தொடுவாள். தினமும் சண்டை. ஒருநாள் அவளுடைய குடத்தை உடைத்தார்கள். மறுநாள் வேறு குடத்தோடு வந்து நின்றாள்.

செண்பகமும் மேலத்தெருப் பெண்தான். அவளுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து, பழைய சைக்கிளின் பெடலையும் பிரேக் கம்பியையும் வைத்து ஒரு கருவி செய்து குழாயில் பொருத்தினாள். காலால் மிதித்தால் தண்ணீர் வரும். யாரும் குழாயைக் கையால் தொட வேண்டியதில்லை.

சண்டை அன்றோடு நின்றது. மேலத்தெருப் பெரிய மனிதர்கள் வீடு தேடி வந்து பாராட்டினார்கள். பொங்கலன்று பொன்னாடை போர்த்துவதாகவும் சொன்னார்கள்.

செண்பகம் குருவிடம் வந்தாள். முகத்தில் களை இல்லை.

"சுவாமி, ஊரே சந்தோஷமா இருக்கு. ஆனா யாருக்காகச் செஞ்சேனோ, அந்த அஞ்சலை அக்கா மட்டும் எனக்கு முகம் கொடுக்க மாட்டேங்கறாங்க. ஏன்?"

"வெயில்ல வந்திருக்கே. முதல்ல தண்ணி குடி" என்றார் குரு.

எப்போதும் டம்ளரைக் கையில்தான் கொடுப்பார். அன்று தரையில் வைத்தார். பிறகு கைத்தடியால் அதை அவள் பக்கம் மெல்லத் தள்ளினார். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

செண்பகம் டம்ளரை எடுக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் என்ன தப்பு பண்ணேன், சுவாமி?"

"தப்பா? உன் கை என் மேல படாம கொடுத்தேன். நமக்குள்ள சண்டையே வராது பாரு."

அவள் தலை குனிந்தாள்.

"அந்தக் கருவியைக் கழட்டிடறேன்" என்றாள்.

"சரி."

"கழட்டினா மறுபடி சண்டை வரும்."

"வரும்."

"மறுபடியும் அந்த அக்காவோட குடத்தை உடைப்பாங்க, சுவாமி. அதுக்கு நான் என்ன கருவி செய்யறது?"

குரு குனிந்து டம்ளரை எடுத்தார். அவள் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"நீயும் ஒரு குடத்தோட போ."

"எங்க வீட்டுலதான் கிணறு இருக்கே."

"தெரியும். நீ போய் வரிசையில அஞ்சலைக்கு அடுத்து நில்லு. அவ பிடிச்சு முடிச்சதும், கழுவாம நீ குழாயைத் திற."