கூழைக்கடா வாயில் மலை மீன்

மஞ்சுமலைக் காட்டில் எழுகிற மூடுபனி மலையோடு நிற்காது. மெல்ல மெல்ல இறங்கி, அடிவாரத்தையும் தாண்டி, தாழையேரியின் மேல் போய் மிதக்கும். அந்த நேரத்தில் மலை எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. மரங்கள்கூடத் தூக்கத்தில் நடப்பது போலத் தோன்றும்.

அந்தப் பனிக்குள்தான் மலை விலங்குகள் ஏரிக்கு வியாபாரத்துக்குப் போய்வரும். ஏரிப் பறவைகளுக்குக் கூடு கட்டச் சுள்ளி வேண்டும். மலையில் சுள்ளிக்கா பஞ்சம்? சுள்ளிக்குப் பதிலாகத் தாமரை விதை கிடைக்கும்.

ஏரிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற ஒவ்வொரு சுள்ளியையும் பெருவாயன் என்ற காவல்காரக் கூழைக்கடா அலகால் வளைத்துப் பார்க்கும். ஒடியாவிட்டால், "தாங்கும்!" என்று கரைக்கே கேட்கும்படி சொல்லும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பறவைகள் முட்டையிடும்.

மலையணில் கொண்டுவரும் சுள்ளிகள் நன்றாக வளையும், ஒடியாது. கொம்புதாவி என்ற கருங்குரங்குக்கோ மரமேறி ஒடிக்கச் சோம்பல். பெயர் மட்டும்தான் கொம்புதாவி! தரையில் கிடந்து உளுத்ததைப் பொறுக்கிக் கட்டி எடுத்துவரும். கூடவே, மலையோடையில் பிடித்த செம்புள்ளி மீன்களையும் இலையில் சுற்றிக்கொள்ளும்.

"இது என்னப்பா?" என்று முதல் நாள் கேட்டது பெருவாயன்.

"ஒன்றுமில்லை அண்ணே! சும்மா, பை நனைக்க!"

ஏரிப் பக்கம் அதற்குப் 'பை நனைப்பு' என்று செல்லப் பெயர். மலையில் அதற்கு லஞ்சம் என்று பெயர். அங்கே கொடுத்தால் வால் மிஞ்சாது.

பெருவாயன் தன் தாடைப் பையைத் திறந்தது. மீன்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. வாய் நிறைந்துவிட்டதால் "தாங்கும்!" என்று சொல்ல முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டியது. அன்றிலிருந்து தினமும் தலையாட்டல்தான். மலையணிலின் சுள்ளியைப் பார்த்தால் தலை வேறு பக்கம் ஆடியது; மலையணில் வருவதையே நிறுத்திவிட்டது.

செங்காலி என்ற நாரை அந்த உளுத்த சுள்ளியில்தான் கூடு கட்டியது. இரண்டு முட்டைகள் இட்டது. காற்றடித்த ஒரு மாலையில் கூட்டின் ஓரம் பொடிந்து, ஒரு முட்டை உருண்டு தண்ணீரில் விழுந்தது. வட்ட வட்டமாக அலை எழுந்து அடங்கியது. அவ்வளவுதான். செங்காலியின் நெஞ்சு வெடித்துவிட்டது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த முட்டைமேல் இணையை உட்காரவைத்துவிட்டு, அது மலைக்குப் பறந்தது.

மலைக்காட்டின் தலைவி வேழம்மா என்ற யானை.

"தாயே, உங்கள் காட்டுச் சுள்ளியால் என் பிள்ளை போய்விட்டது! இன்னொன்றையாவது காப்பாற்றுங்கள்!" என்று அழுதது செங்காலி.

வேழம்மா அந்தச் சுள்ளியை விற்ற கொம்புதாவியையும் கூட்டிக்கொண்டு, பனியோடு பனியாக ஏரிக்கு இறங்கி வந்தது. ஏரிப் பறவைகள் எல்லாம் கரையில் கூடின.

"பெருவாயா! இந்தச் சுள்ளி தாங்குமா?" என்று, பொடிந்த கூட்டின் சுள்ளி ஒன்றை நீட்டிக் கேட்டது செங்காலி.

பெருவாயன் தலையாட்டியது.

"தலையாட்டினால் போதாது. வழக்கப்படி சத்தமாகச் சொல்!"

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? பெருவாயனுக்கோ அலகிலேயே கனம். தயங்கித் தயங்கி, "தா..." என்று வாயைத் திறந்தது. அவ்வளவுதான், துள்ளி விழுந்தது ஒரு மீன்!

"இது எங்கள் ஏரி மீன் இல்லையே!" என்றன பறவைகள்.

"செம்புள்ளி மீன். எங்கள் ஓடை மீன்," என்றது வேழம்மா. "உங்கள் காவல்காரனை நீங்கள் விசாரியுங்கள். எங்கள் வியாபாரியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கொம்புதாவி குதித்தது. "அம்மா! நம் காட்டில் நான் யாருக்காவது லஞ்சம் கொடுத்தேனா? இங்கே இதற்குப் பெயர் பை நனைப்பு. ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? நான் கொடுக்காவிட்டால் வேறு காட்டுக் குரங்கு கொடுக்கும். நட்டம் நம் மலைக்குத்தானே!"

வேழம்மா தும்பிக்கையால் பனியைத் துழாவியது.

"இது யார் பனி?"

"நம் மலைப் பனி."

"அடிவாரம் தாண்டியதும் பெயர் மாறிவிட்டதா? நம் பனி இவ்வளவு தூரம் வரும்போது, நம் சட்டம் மட்டும் ஏன் அடிவாரத்திலேயே நிற்க வேண்டும்? இனி மலைக்காரன் எங்கே போய்க் கொடுத்தாலும், மலையிலேயே கொடுத்த குற்றம்தான்!"

கொம்புதாவி வாங்கிய தாமரை விதைகள் எல்லாம் ஏரிக்கே திரும்பிப் போயின. அதன் வியாபாரமும் நின்றது. மழைக்கு முன்னால், அதுவே உயர்ந்த மரங்களில் ஏறி நல்ல சுள்ளி ஒடித்துவந்து எல்லாக் கூடுகளையும் செப்பனிட வேண்டியதாயிற்று. பெருவாயனை ஏரிப் பறவைகளே காவலிலிருந்து இறக்கின. மலையணில் மறுபடி வந்தது.

மழை கொட்டியது. செங்காலியின் கூடு அசைந்தது; ஒடியவில்லை. மழை ஓய்ந்து பனி இறங்கிய காலையில் முட்டை பொரிந்து, சின்னக் குரல் ஒன்று கேட்டது.

"ஏறி வந்து பார்," என்று கொம்புதாவியை அழைத்தது செங்காலி.

குஞ்சின் பக்கத்தில் இன்னொரு குஞ்சுக்கான இடம் காலியாக இருந்தது. இதற்கும் ஏரியில் வேறு ஏதாவது பெயர் இருக்கிறதா என்று கேட்கக் கொம்புதாவிக்கு வாய் வரவில்லை.

எல்லை தாண்டிப் போய் எந்தப் பெயரில் கொடுத்தாலும் லஞ்சம் லஞ்சமே. வாங்கியவனை அவன் ஊர் தண்டிப்பது போல, கொடுத்தவனை அவன் சொந்த ஊரே தண்டிக்க வேண்டும்.