அழைப்பிதழுக்கு ஒரு முகம்

ஜெபமலரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்த சீடருக்கு அவளைவிட இருபத்தைந்து வயது அதிகம். பெயர் சங்கரபாகம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முழங்கை நீள லென்ஸ் வைத்த கேமரா இருந்தது. அதில் அவர் எடுத்த மீன்கொத்திக்குப் போட்டியில் பரிசுகூடக் கிடைத்திருந்தது.

ஜெபமலருக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம், காதுகுத்து, வளைகாப்பு. காலையில் கதவைத் திறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. அவள் எடுத்தால் பாஸ்போர்ட் படத்தில்கூட அந்த ஆளே வந்து உட்கார்ந்திருப்பார். அந்த வித்தை பிடிபடத்தான் சங்கரபாகம் கொஞ்ச காலமாக வந்துபோய்க்கொண்டிருந்தார். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புரியாமல் கடைக்கு வருகிறவர்கள் விழிப்பார்கள்.

அன்று அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ஒரு முகத்தை எப்படி எடுக்கணும்?"

"யாரு முகம் சார்?"

"என் வீட்டுக்காரி முகம்."

அடுத்த மாதம் அவருக்கு மணிவிழா. அழைப்பிதழில் கணவன் மனைவி இருவர் படமும் போடுவது வழக்கம். அவர் படம் எப்போதோ தயார். ஆவுடையம்மாளின் படம்தான் இல்லை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார். அந்தக் காலத்தில் மணப்பெண் தலை நிமிர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? எல்லாப் படத்திலும் ஆவுடையின் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரிந்தன. பிற்பாடு எடுத்தவற்றில் தலை நிமிர்ந்திருந்தது, முகம் மரக்கட்டையாக இருந்தது. ரேஷன் கார்டுப் படத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

"நானும் தினமும் எடுக்கேன் டீச்சர். சன்னல் வெளிச்சத்துல, வாசல்ல, மொட்டைமாடியில. ஒண்ணுலயும் அவ இல்ல. ஆயிரக்கணக்குல கொக்கு எடுத்து வச்சிருக்கேன். கட்டினவ முகம் ஒண்ணு இல்லைன்னா அவ என்ன நினைப்பா?"

சொல்லும்போதே அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அச்சகத்துக்காரர் வேறு, மறுநாள் காலைக்குமேல் பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார்," என்றாள் ஜெபமலர்.

சாயங்காலம் ஆவுடையம்மாள் பட்டுச்சேலை கட்டி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சீடரையே எடுக்கச் சொன்னாள் ஜெபமலர்.

"கழுத்தை நிமித்து. தாடையை இறக்கு. இடதுபக்கம் கொஞ்சம் திரும்பு. இப்போ சிரி."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆவுடையின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"இவ்வளவுதான் வரும்," என்றாள் அவள். பிறகு ஜெபமலர் பக்கம் திரும்பினாள். "அந்தக் குழாயை என் மேல திருப்பினாலே இவரு மீட்டர் பாக்க வந்த ஆளு மாதிரி ஆயிருதாரும்மா. ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிருவாரோன்னு இருக்கு."

சங்கரபாகம் பரிதாபமாக ஜெபமலரைப் பார்த்தார்.

"சார், உங்க கேமராவை மேசையில வைங்க. நீங்க உக்காருங்க."

"என் படம்தான் இருக்கே டீச்சர்?"

"உக்காருங்க."

குரு சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? கண்ணாடி முன்னால் போய்த் தலை சீவினார். அங்கிருந்த பவுடரை எடுத்து அப்பிக்கொண்டார். ஆவுடை எழுந்து இடம் விட்டதும் முக்காலியில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே கழுத்தை நிமிர்த்தினார், தாடையை இறக்கினார், மூச்சையும் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் உட்காருவது இவ்வளவு சங்கடமா என்று இருந்தது. கொக்குகள் பாவம் என்று ஒரு கணம் தோன்றியது.

ஜெபமலர் கடைக் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றாள். எடுக்கவில்லை.

"என்ன டீச்சர்?" உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். அப்படியே இருங்க."

ஆவுடையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஐய, காதெல்லாம் பவுடர்," என்று பக்கத்தில் வந்தாள். குனிந்து முந்தானையால் அவர் காதைத் துடைத்தாள். "மூச்சையாவது விடுங்க. கரண்ட் கம்பம் மாதிரி உக்காந்திருக்கீங்க."

பிடித்து வைத்திருந்த மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது. ஆவுடை சிரித்துவிட்டாள். ஃப்ளாஷ் மின்னியது.

படத்தைக் கணினியில் போட்டுக் காட்டினாள் ஜெபமலர். சங்கரபாகம் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். இந்த ஆவுடையை அவருக்கு நன்றாகத் தெரியும். மழைக்கு முன்னால் கொடியில் கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு ஓடி வரும்போது இப்படித்தான் இருப்பாள். படத்தில்தான் ஒருநாளும் வந்ததில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"இவதான் டீச்சர். இவளேதான்." பிறகு திரையில் தன்னையே பார்த்துச் சலித்துக்கொண்டார். "குறுக்க நான்தான் நந்தி மாதிரி உக்காந்திருக்கேன். என்னை வெட்டிருவோம். அவ முகம் மட்டும் போதும்."

"வெட்டுங்க சார்." ஜெபமலர் மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பிசிறில்லாமல் வெட்டினார். கட்டத்துக்குள் ஆவுடை மட்டும் நின்றாள். குனிந்து, சிரித்து, ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் முந்தானை இருந்தது. துடைக்க ஒரு காது இல்லை.

சங்கரபாகம் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு வெட்டியதைப் பழையபடியே திரும்பக் கொண்டுவந்தார்.

பின்னாலிருந்து ஆவுடை எட்டிப் பார்த்தாள். "இது நல்லாத்தான இருக்கு? இதையே போடச் சொல்லுங்க. உங்க மூஞ்சிதான் பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்ட வாசலுக்குப் போனாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், என்ன லென்ஸ் போட்டாலும் இந்தப் படத்தை நான் எடுத்திருக்க முடியாது, இல்லையா?"

"முடியாது சார்," என்றாள் ஜெபமலர். "இதுக்கு நீங்க உள்ள இருக்கணும். வெளிய நிக்கத்தான் நான் கடை போட்டிருக்கேன்."