விளக்கு இல்லாத பிரதி

குருவுக்கு முப்பத்தைந்து வயது, சீடருக்கு அறுபது. சினிமாவில் இதெல்லாம் சகஜம். வடபழனியில் பழைய படச்சுருள்களைப் பழுதுபார்க்கும் எஸ்தரிடம், ஓய்வுபெற்ற தாசில்தார் தில்லைநாயகம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். எல்லாம் ஒரு குத்துவிளக்கால் வந்த வினை.

அவருடைய அப்பா எடுத்தது ஒரே படம். இன்றைக்கும் ஊர் பேசுகிற படம். முதல் காட்சியில், மகனின் பிணத்தருகே ஒரு தாய் உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள், நம்மையே பார்ப்பாள். விநியோகஸ்தர் அதைப் பார்த்துவிட்டு, "எடுத்த எடுப்பிலேயே சாவா? தியேட்டர் விளங்குமாய்யா?" என்று குதித்தார். அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல், குத்துவிளக்கு ஏற்றுவதைப் படம்பிடித்து முன்னால் ஒட்டிவிட்டார்.

அப்பா சாகிறவரை புழுங்கினார். "அந்த விளக்கை எடுத்துட்டு ஒரு தடவை படத்தைப் போடுடா." அதுதான் கடைசிப் பேச்சு. தில்லைநாயகம் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

எஸ்தரின் மேஜைமேல் மூன்று பிரதிகள் இருந்தன. மறுவெளியீட்டுப் பிரதியில் தாயே கிடையாது, நேரே பாட்டுதான். அதைத் தள்ளிவைத்தார்கள். இன்னொன்று சென்னையில் ஓடியது, விளக்கோடு. மூன்றாவது பினாங்கிலிருந்து அன்றுதான் வந்திருந்தது. விளக்கை ஒட்டுவதற்கு முன்பே கப்பலேறிய பிரதி.

"இதுதான் மேடம் அசல்! போடுங்க!"

போட்டாள். திரையில் மழைதான் கொட்டியது, கீறல் மழை. தாயின் முகம் எங்கே என்றே தெரியவில்லை. தில்லைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"சென்னைப் பிரதியைப் பார்ப்போமா சார்?"

முதலில் விளக்கு வந்தது. அதுவும் கீறல் கீறலாகக் கிழிந்து கிடந்தது, சுடர்கூடத் தெரியவில்லை. அடுத்து தாய் வந்தாள். கண்ணில் தேங்கி நின்ற நீர்வரை துல்லியமாக இருந்தது.

"ஆத்தாடி, கிடைச்சுட்டா!" தில்லைநாயகம் எழுந்தே நின்றுவிட்டார். "அந்தத் தரித்திரம் பிடிச்ச விளக்கை வெட்டி எறிங்க மேடம். இப்பவே!"

எஸ்தர் மூலையில் கிடந்த கழிவுச் சுருள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதை மெஷின்ல மாட்டுங்க."

மாட்டப் போனார். முனை நழுவித் தரையில் புரண்டது. எடுத்து வேட்டியில் துடைத்தார். பல்சக்கரத்தில் விட்டால் கோணிக்கொண்டு சிக்கியது. பிடித்து இழுத்து, வியர்த்து வழிந்து, ஒருவழியாக மாட்டி முடித்தார்.

"எந்த இடம் அடிபட்டுச்சு சார்?"

"முன்முனைதான். வேற எது அடிபடும்?"

"தியேட்டர்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதே கதைதான். முன்னால ஒட்டுற வெற்றுச்சுருள் சீக்கிரமே பிஞ்சு போயிடும். அப்புறம் படத்தோட முனைதான் அடிபடணும்."

அவர் மேஜையைப் பார்த்தார்.

"பினாங்குப் பிரதியில முன்னால இருந்தது யாரு?"

"அந்தம்மா."

"சென்னைப் பிரதியில?"

தில்லைநாயகம் சென்னைச் சுருளின் பக்கம் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எது எப்படியோ மேடம். அப்பாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். தலையே போனாலும் விளக்கு இல்லாமதான் படம் ஓடணும்."

"பண்ணின சத்தியத்தை ஏன் சார் விடணும்? வெட்டுங்க." கத்தரியை அவர் கையிலேயே வைத்தாள். சென்னைச் சுருளின் முனையை விளக்கொளியில் அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "அந்தம்மாவுக்கு விழ வேண்டிய அடியை யாரு வாங்கினதுன்னு ஒருதரம் நல்லாப் பார்த்துட்டு வெட்டுங்க."