அளவு ஜாக்கெட்

ஹெப்சிபாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் தையல் கற்க வந்த உலகம்மாளுக்கு ஐம்பத்தொன்று. உலகம்மாள் அவளை டீச்சர் என்றாள். ஹெப்சிபா உலகம்மாளை அக்கா என்றாள்.

ஹெப்சிபா உண்மையில் டீச்சர் இல்லை. தென்காசியில் ஓர் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தைப்பதெல்லாம் அந்தக் காலத்து மோஸ்தர். பஃப் கை, ஏறின கழுத்து, ஓரத்தில் லேஸ். பழைய ஸ்டுடியோ படங்களில் பெண்கள் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. தனக்குப் பிடித்ததால் தைத்தாள். கூலிக்குத் தைப்பதில்லை. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் வேண்டாம் என்பதும் இல்லை.

உலகம்மாள் ஒரு பையில் மெரூன் நிற ரூபியா துணியும், ஒரு அளவு ஜாக்கெட்டும் கொண்டுவந்தாள். வெயில் கொளுத்திய நாள். ஆனாலும் தோளைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தாள்.

"என் தங்கச்சி மக சங்கரிக்குக் கல்யாணம். சித்தி, பெரியம்மா எல்லாரும் பழைய காலத்து ஜாக்கெட் போட்டுக்கிட்டு வரிசையா நின்னு படம் எடுக்கணுமாம். அவ பிடிவாதமா சொல்லிட்டா."

"நல்லாத்தானே இருக்கும்."

"எனக்கு நானே தைச்சுக்கணும் டீச்சர்."

"டெய்லர்கிட்ட குடுக்கலையா?"

"இல்லை. நானே தைக்கணும்."

ஹெப்சிபா மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

உலகம்மாளுக்குக் கை நிதானம் இருந்தது. பாபினில் நூல் சுற்றிப் போடவும் மெஷின் மிதிக்கவும் சீக்கிரம் பழகிவிட்டாள். பழைய சேலைத் துணியில் தைத்துத் தைத்துப் பார்த்தாள். தையல் கோடு போட்ட மாதிரி ஓடியது. பிறகு அளவு ஜாக்கெட்டை வைத்து, துணியை இரண்டாக மடித்து, சாக்பீஸால் வரைந்து வெட்டினாள். சோதனைக்காக மலிவான வெள்ளைத் துணியில்தான்.

வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வாடிய முகத்தோடு வந்தாள்.

"சரியா வரலை டீச்சர். கழுத்து ஒரு பக்கமா போகுது. இடது கை இறுக்குது."

"பிரிச்சுத் தைங்க."

பிரித்துத் தைத்தாள். அடுத்த வாரமும் அதே கதை. மறுபடியும் பிரித்தாள். அதற்கு அடுத்த வாரம் ஜாக்கெட்டை மேசைமேல் போட்டுவிட்டு, "எனக்கு வராது டீச்சர். விட்டுடறேன்" என்றாள்.

ஹெப்சிபா ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள்.

"தையல்ல குத்தம் இல்லையே அக்கா."

"அப்போ எதுல?"

"அளவுல."

"அளவு ஜாக்கெட் சரியா இருக்கும் டீச்சர். எனக்குன்னே தைச்சது."

"எப்போ தைச்சது?"

உலகம்மாள் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"முன்னாடி" என்றாள்.

ஹெப்சிபா ஜாக்கெட்டை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து நின்று டேப்பை உலகம்மாளிடம் நீட்டினாள்.

"இன்னைக்குத் தைக்க வேண்டாம். அளவெடுக்கக் கத்துக்குங்க. என்னை அளங்க. இடது தனியா, வலது தனியா."

உலகம்மாள் அளந்தாள். தோள், கை, மார்பு, முதுகு. பாதியில் நின்றாள்.

"உங்க வலது தோள் கூடுதலா வருது. நான்தான் தப்பா எடுக்கிறேன் போல."

"திரும்ப எடுங்க."

எடுத்தாள். அப்படித்தான் வந்தது.

"தப்பில்லை அக்கா. பை மாட்டுற தோள் அது. படிக்கிற காலத்திலேருந்து மாட்டுறேன்."

"அப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லையே?"

"யாருக்கு இருக்கு?"

"பிறகு ஏன் எல்லாரும் துணியை மடிச்சு வெட்டுறாங்க?"

"வேலை சீக்கிரம் முடியும்" என்றாள் ஹெப்சிபா. "வேற ஒண்ணுமில்லை."

உலகம்மாள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"என்னை நானே அளந்துக்கலாமா டீச்சர்?"

"முன்னால முடியும். முதுகும் தோளும் முடியாது. இன்னொரு ஆள் வேணும். நான் எடுக்கட்டுமா?"

உலகம்மாள் குனிந்து செருப்பை மாட்டினாள்.

"வீட்ல யாரு இருக்காங்க?"

"அவர் இருக்கார்."

"அவரை எடுக்கச் சொல்லுங்க. டேப்பைக் கொண்டுபோங்க."

அவள் கணவர் ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். உலகம்மாளுக்கு மார்பில் கட்டி வந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்து அவளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே உலகம்மாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கூடத்தில் கட்டில் போட்டுக்கொண்டார். புண் ஆறியது, மருந்து நின்றது, கொட்டிய முடியும் முளைத்துவிட்டது. கட்டில் மட்டும் கூடத்திலேயே இருந்தது. அறைக்குள்ளிருந்து ஒரு சட்டை எடுக்க வேண்டுமென்றாலும் அவர் வெளியே நின்று செருமிவிட்டுத்தான் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தது. உலகம்மாள் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஒரு அளவு எடுக்கணும். முதுகு எனக்கு எட்டலை."

அவர் டேப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவினார்.

அறைக்குள் வந்து முதுகை அளந்தார். தோளை அளந்தார்.

"முன்னால?" என்று கேட்டார்.

"முன்னாலயும்தான். ரெண்டு பக்கமும் தனித்தனியா எடுக்கணும்."

அவள் சால்வையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே மெல்லிய பருத்தி பாடிதான் போட்டிருந்தாள்.

டேப் வரவில்லை. அவள் காத்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

"என்ன?"

"வலிக்குமா?"

"எது?"

"டேப் பட்டா."

"வலி போயி எவ்வளவோ நாளாச்சே."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

"கேட்டா நீ அழுவே. அதான் கேக்கலை."

உலகம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வேற மாதிரி நினைச்சிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"உங்களுக்கு அருவருப்பா இருக்குன்னு."

அவர் அவள் அருகில் வந்தார். டேப்பின் முனையை அவள் நெஞ்சின் நடுவில் வைத்து, இடது பக்கம் மெதுவாக நீட்டினார். தையல் போட்ட வடு விரலில் தட்டியது. விரலை எடுக்கவில்லை. குனிந்து எண்ணைப் பார்த்தார். தெரியவில்லை.

"கண்ணாடியைக் காணோம்."

"தலைமேலதான் இருக்கு."

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு எண்களைப் படித்தார். கடையில் வாடிக்கையாளரிடம் சாமானின் நம்பர் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். அவள் செய்தித்தாள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

"இடது கை தடிமனா இருக்கு உலகு."

"ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த வீக்கம். அப்படித்தான் இருக்குமாம்."

"இது வலிக்குமா?"

"சாயங்காலம் ஆனா கனக்கும்."

அவர் டேப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு அந்தக் கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். அதற்கு அளவு எடுத்து முடித்தாகிவிட்டது. இருந்தாலும் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அறைக்குள் வரும்போது செருமவில்லை.

சனிக்கிழமை உலகம்மாள் அளவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஹெப்சிபா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள்.

"டீச்சர், இடது பக்கம் எனக்கு…"

"ஆமாக்கா. அந்தப் பக்கம் மார்புக்கு மடிச்சுத் தைக்கிற டாட் வேண்டாம். கழுத்துக்குக் கீழே பொடிப்பொடியா சுருக்கம் குடுப்போம். ரெண்டு பக்கமும் சுருக்கம் இருந்தா அழகா விழும். பழைய ஜாக்கெட்ல அப்படி உண்டு."

அவ்வளவுதான் சொன்னாள். மெரூன் துணியின் மடிப்பைப் பிரித்து மேசை முழுக்க விரித்தாள். இடது முன்பாகத்தைத் தனியாக வரையச் சொன்னாள். வலது முன்பாகத்தைத் தனியாக. கைகளும் வேறு வேறு அளவு. இடது கையின் பட்டியைத் தளர்வாக விட்டார்கள்.

உலகம்மாள் கத்திரிக்கோலை எடுத்தவள் கீழே வைத்தாள்.

"உள்ளே பஞ்சு வச்சுத் தைச்சுட்டா வெளியே தெரியாது இல்லையா?"

"தெரியாது."

"வச்சுத் தைச்சிடலாமா?"

"தைக்கலாம். உங்களுக்கு வேணுமா?"

உலகம்மாள் யோசித்தாள். "வேணும்னும் தோணுது. வேண்டாம்னும் தோணுது."

"அப்போ உள்ளே ஒரு சின்னப் பை மட்டும் தைச்சுக்குங்க. பஞ்சு வைக்கிறதை அன்னைக்குக் காலையில பார்த்துக்கலாம்."

அப்படியே தைத்தாள்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து அறையில் பஞ்சை எடுத்து அந்தப் பைக்குள் வைத்தாள். கண்ணாடி பார்த்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். வெளியே சங்கரியின் அம்மா, "அக்கா, படம் எடுக்கக் கூப்பிடுறாங்க" என்று குரல் கொடுத்தாள். உலகம்மாள் பஞ்சை எடுத்துக் கைப்பையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். சால்வை நாற்காலியிலேயே கிடந்தது.

படம் எடுத்து முடித்துக் கலையும்போது, அவள் அப்பாவின் தங்கை பிச்சம்மா அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு எப்போதுமே தொண்டை பெரிது.

"ஏளா உலகு, ஒரு பக்கம் ஒரு மாதிரியால்லா இருக்கு? டெய்லர் கெடுத்துட்டானா?"

சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும். பிச்சம்மா அத்தைக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருக்கும், வயதில் மறந்திருக்கும். சங்கரியின் அம்மா ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

உலகம்மாள், "இல்லை அத்தை. இது எனக்குன்னு அளவெடுத்துத் தைச்சது" என்றாள்.

"யாரு அளவெடுத்தா?"

"உங்க வீட்டு மாப்பிள்ளைதான்."

பந்திக்கு இலை கொண்டுபோய்க்கொண்டிருந்த ஆவுடையப்பன் அங்கேயே நின்றார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது சிவக்க, "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு இலைக்கட்டோடு நடந்தார். பெண்கள் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை உலகம்மாள் இதையெல்லாம் ஹெப்சிபாவிடம் சொன்னாள். மண்டபத்தில் சாப்பிட்டதிலிருந்து, இரண்டு பெண்கள் ஜாக்கெட்டின் கழுத்து மாதிரியைக் கேட்டது வரை சொன்னாள். ஹெப்சிபா லேஸ் வைத்துத் தைத்தபடியே கேட்டாள். பிறகு உலகம்மாள் பேச்சை நிறுத்தினாள். கையில் இருந்த நூலைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அத்தைகிட்ட அவ்வளவு தைரியமா சொல்லிட்டேன். எல்லாரும் சாப்பிடப் போனதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். எதுக்குன்னு தெரியலை. அடக்கவே முடியலை." நூலை மேசையில் வைத்தாள். "அப்போ நான் இன்னும் அப்படியேதான் இருக்கேனா? இதெல்லாம் தைச்சு என்ன பிரயோஜனம்?"

ஹெப்சிபா மெஷினை நிறுத்தினாள்.

"ரொம்ப அழுதீங்களா?"

"குலுங்கிக் குலுங்கி அழுதேன்."

"அழறப்போ ஜாக்கெட் எங்கேயாவது பிடிச்சுதா?"

உலகம்மாள் அவளைப் பார்த்தாள். யோசித்தாள்.

"இல்லை."

"இடது கை?"

"இல்லை டீச்சர். நல்லா தாராளமா இருந்தது."

"அப்போ சரியாத்தான் தைச்சிருக்கீங்க அக்கா" என்றாள் ஹெப்சிபா.