வேலம்மை ஒளித்து வைத்த புத்தகம்

குளக்கரைக் காட்டில் வேலம்மை என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அந்தக் கோடையில் அவளுக்கு ஒரே கவலைதான். மகன் சிலுப்பன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். புத்தகம் என்றால் மட்டும் காத தூரம் ஓடினான்.

முள்ளம்பன்றிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் மழை விழுந்ததும் வளர்ந்த பிள்ளை தனி வளை தோண்டிக்கொண்டு போய்விட வேண்டும். அப்புறம் பிள்ளை தன் வாயால் கூப்பிட்டால் ஒழிய, பெற்றவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது. சிலுப்பன் அம்மாவிடம் பேசுவதோ "உம்", "ம்ஹும்" இரண்டே வார்த்தை! இவன் எங்கே கூப்பிடப் போகிறான்? போகிற இடத்தில் பேச்சுத் துணைக்குப் புத்தகமாவது இருக்கட்டுமே என்று அந்தத் தாய் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

காட்டுக்கு நூலகம் என்றால் மருதமரப் பொந்துதான். நூலகர், இருவாச்சிப் பறவை பொன்னுத்தாய். அடை காக்கிற பருவத்தில் இருவாச்சிகள் பொந்தின் வாயைச் சேற்றால் பூசி, உள்ளேயே அடைந்து கிடக்கும். அப்படிக் கிடக்கிறவளுக்குப் படிப்பதை விட்டால் வேறென்ன வேலை? தேக்கிலையில் தைத்த புத்தகங்களைச் சின்னச் சந்து வழியாகக் கீழே போடுவாள். திரும்பி வருகிறதை அவள் புருஷன் மேலே தூக்கிக் கொடுப்பான்.

"அக்கா, பிள்ளைக்கு நல்லதா ஒரு புத்தகம் போடுங்க!" என்றாள் வேலம்மை.

"நல்லதுன்னா?"

"படிச்சா புத்தி வரணும்!"

'கிழங்கு தோண்டுவதன் சிறப்பு' வந்து விழுந்தது. அடுத்த வாரம் 'பெரியோர் சொல் கேட்ட பன்னிரண்டு முள்ளம்பன்றிகள்'. அதற்கடுத்து 'நம் காட்டுச் சதுப்பு நிலங்கள்', அதுவும் ஐந்து பாகம்! முயல் வீட்டுப் பிள்ளை அதை மூன்று தடவை படித்தானாம். முயல் சொன்னதை இவள் நம்பிவிட்டாள்.

சிலுப்பன் ஒரு பக்கம் திருப்பினால் போதும், வேலம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "என்ன புரிஞ்சது? சொல்லு பார்ப்போம்!" என்பாள். அவன் பட்டென்று புத்தகத்தை மூடிவிடுவான்.

ஒரு நாள் அவள் நூலகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அக்கா! பாதிப் புத்தகத்தை முடிச்சிட்டான்!"

பொன்னுத்தாய் வாங்கிப் பார்த்தாள். ஓரமெல்லாம் பல் தடம். "அடி வேலம்மை, உன் மகன் இதைப் படிக்கலை. கொறிச்சிருக்கான்!"

வேலம்மைக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தாள்.

"எனக்குப் பிடிக்கலைம்மா! பிடிக்காததை எப்படிப் படிக்கிறது?" என்று சிலுப்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு முதுகைத் திருப்பிவிட்டான். முள்ளம்பன்றி முதுகைத் திருப்பினால் அது விளையாட்டுக் கோபம் இல்லை. வேலம்மைக்கு அழுகை வந்துவிட்டது.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். சதுப்பு நிலத்தை வேலம்மையும் படித்ததில்லை! அவள் படித்ததெல்லாம் 'ஒற்றைக்கண் கீரியின் ஒன்பது திருட்டுகள்'. முள்ளம்பன்றிகள் தூங்குகிற பட்டப்பகலில், வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி படிப்பாள். படித்ததும் கிழங்குக் குவியலுக்கு அடியில் ஒளித்துவிடுவாள். பிள்ளை பார்த்தால் என்ன நினைப்பான்!

சண்டை நடந்து நாலு நாள் ஆகியிருக்கும். மத்தியானம் புத்தகத்தை உருவினாள். நான்காம் திருட்டில் அவள் அடையாளத்துக்கு வைத்த புல் அப்படியே இருந்தது. ஆனால் ஆறாம் திருட்டில் இன்னொரு அடையாளம்! சின்ன முள். நுனி வெள்ளை.

அது அவள் முள் இல்லை.

"டேய் சிலுப்பா! என்ன புரிஞ்சது? சொல்லு!" என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. கேட்டால் மூடிவிடுவானே! கஷ்டப்பட்டு விழுங்கினாள். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். சந்தோஷத்தில் அன்றைக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

மறுநாள் முள் ஏழாம் திருட்டுக்குப் போயிருந்தது. "இந்தப் பயல் என்னை முந்துறதா!" என்று வேலம்மை சாப்பாட்டை மறந்து படித்தாள். ஆறாம் திருட்டில் கீரி முதலை வீட்டு அடுப்படியில் மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் அவளால் அடக்க முடியவில்லை. "ஹோ"வென்று சிரித்துவிட்டாள்.

தூங்குகிற மாதிரி படுத்திருந்த சிலுப்பன் தலையைத் தூக்கினான்.

"எந்த இடம்மா?"

"முதலை தும்முற இடம்!"

"ஐயோ, அதுவா!"

இரண்டு பேரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். சின்ன வளைக்குள் முள்ளம்பன்றிகள் உருண்டால் என்ன ஆகும்? ஆளுக்கு நாலு குத்து விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சிலுப்பன் கேட்டான்: "இதை ஏம்மா ஒளிச்சு வச்சே? உனக்குக் கீரி, எனக்குக் கிழங்கா?"

வேலம்மை அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். அன்றிலிருந்து புத்தகம் வளையின் நடுவில் கிடந்தது. புல்லும் முள்ளும் ஒன்றையொன்று முந்தின. இடையில் பேச்சோ பேச்சு!

மழை வந்தேவிட்டது. சிலுப்பன் வாசலில் நின்றான். வேலம்மை நூலகத்தில் வாங்கி வந்திருந்த கீரிக் கதையின் இரண்டாம் பாகத்தை எடுத்து நீட்டினாள்.

"கொண்டு போடா."

"நீ முடிச்சிட்டியா?"

"பாதிதான். பரவாயில்லை."

"அப்ப நீயே வச்சுக்கோ. முடிச்சுட்டுக் கொண்டு வா."

"எங்கேடா?"

"என் வளைக்குத்தான், வேறெங்கே! ரெண்டு நாள்தான் தருவேன். முடிவை மட்டும் சொல்லிடாதே!" என்று மழையில் ஓடினான் சிலுப்பன்.

அந்த மழை விடுவதற்குள் வேலம்மை புத்தகத்தை முடித்துவிட்டாள்.

பிள்ளை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அவனுக்கு நல்ல புத்தகம் தேடி அலைவதற்கு முன்னால், தான் ஆசையாகப் படிக்கிற புத்தகத்தை அவன் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.