புகை குடித்த பார்லி

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதர்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. மனிதர்கள்தான் பாதியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வடகடலில், மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லாத ஒரு தீவு இருந்தது. அங்கே விறகுக்கு எங்கே போவது? சதுப்பு நிலத்துக் கரிமண்ணைச் செங்கல் செங்கல்லாக வெட்டி, காய வைத்து, அதைத்தான் அடுப்பில் போட்டார்கள். சுடர் கொஞ்சமாக வரும், புகை ஏராளமாக வரும். ஒவ்வொரு வீட்டாரும் வெட்டுகிற இடம் வேறு என்பதால் வீட்டுக்கு வீடு புகையின் வாசனையும் வேறு. கடலுக்குப் போன ஆண்கள் மூடுபனியில் திசை தெரியாமல் நின்றால், மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பார்கள். தன் வீட்டுப் புகை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் படகைத் திருப்பிக் கரை சேர்வார்கள்.

மற்ற வீடுகளை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்த தீவின் கடைசி வீடு மோராக்குடையது. அவள் புருஷன் ரூரி மீன் பிடித்தான். அவள் பார்லியில் சாராயம் வடித்தாள். பார்லியை ஊற வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் வெயிலில் உலர்த்தி, அரைத்து, புளிக்க வைத்து வடிப்பாள். அந்நாள் சாராயத்தில் புகை வாசனை துளியும் கிடையாது. தேன் விட்ட கஞ்சி மாதிரி சாதுவாக இருக்குமாம். ஆனால் வடித்தவளுக்கே அதன் ருசி தெரியாது. முதல் கோப்பை கடலிலிருந்து திரும்பியவனுக்கு என்பது அங்கே வழக்கம். மிச்சமெல்லாம் குளிர்காலத்து மாவுக்கும் உப்புக்கும் பண்டமாற்றாகப் போய்விடும். ஒரு சொட்டுகூட அவள் நாக்கில் பட்டதில்லை.

ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஊற வைத்த பார்லி முளைத்துவிட்டது, ஆறு நாளாக வெயிலைக் காணோம். இன்னும் ஒரு நாள் விட்டால் முளை நீண்டு தானியத்தின் இனிப்பையெல்லாம் தின்றுவிடும். முந்தின வருஷமும் இப்படித்தான் பாழாகி, குளிர்காலம் முழுக்க இருவரும் அரை வயிற்றோடு கிடந்தார்கள். மறுபடியும் அந்தக் கஷ்டம் வரக்கூடாது என்று அவளுக்குள் ஒரே பதைப்பு. மறுநாள் இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு ரூரி கடலுக்குப் போயிருந்தான்.

மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அதில் பார்லியைப் பரப்பினாள். கரிமண்ணை அடுக்கித் தீ மூட்டினாள். ஆனால் சூடெல்லாம் கூரையில் இருந்த புகைத்துளை வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏறிப் போய் ஈரத் தோல் ஒன்றால் துளையை இறுக மூடினாள்.

அந்தத் துளையோரம்தான் ஒரு நீர்க்காகம் குளிர்காய்ந்துகொண்டிருக்கும். புகை கூடினாலும் புலம்பும், குறைந்தாலும் புலம்பும், காற்று திரும்பினால் அதற்கும் ஒரு புலம்பல்.

“ஏ மோராக், திறந்து விடு,” என்றது. “கடல் மேல பனி வெள்ளையா இறங்குது. ரூரி எதை மோந்துக்கிட்டு வருவான்?”

“உனக்குக் குளிர்காய இடம் போச்சு, அதுக்குத்தானே இந்தப் பாடு? பொழுது சாயறதுக்குள்ள திறந்துடுவேன், போ.”

எப்போதும் புலம்புகிற வாய்தானே என்று அவள் நினைத்தாள். அவள்மேல் தப்புச் சொல்லவும் முடியாது. உள்ளே புகை மண்டியது. கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே, தானியத்தைக் கையால் புரட்டிப் புரட்டி விட்டாள். பொழுது சாய ஆரம்பிக்கும்போது பார்லி கடித்தால் நொறுங்குகிற பதத்துக்கு வந்திருந்தது. சந்தோஷமாக ஓடிப்போய்த் தோலை இழுத்தாள். புகை மேலே கிளம்பியது. அப்போதுதான் வெளியே பார்த்தாள். வாசற்படிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

ரூரி அன்று வரவில்லை. மறுநாள் காலையில் நீர்க்காகம் நனைந்து வந்து வாசலில் உட்கார்ந்தது. அன்றைக்கு அது புலம்பவில்லை.

“மீன் நிறைய கிடைச்சதுன்னு மத்தியானமே வந்துட்டான். நம்ம பாறைக்கு அந்தப் பக்கம்தான் நின்னான். ரொம்ப நேரம் மோந்து பார்த்தான். ‘என் வீட்டுப் புகை இல்லையே, இது வேற தீவு போல’ன்னு படகைத் திருப்பிட்டான். நான் கத்தினேன். அலைச் சத்தத்துல அவனுக்குக் கேக்கல.”

மூன்று நாள் கழித்துப் படகின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. ரூரி வரவே இல்லை. ஊரில் யாரும் மோராக்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பார்லி பரணில் அப்படியே கிடந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. குளிர்காலத்தில் அதை அரைத்து வடித்தாள். வழக்கப்படி முதல் கோப்பையை ஊற்றி வாசலில் வைத்தாள். எடுத்துக் குடிக்க யாரும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானே எடுத்தாள்.

முதல் மிடறு தொண்டையைப் பிடித்தது. சாம்பல், தார் பூசின கயிறு, காய்ந்த கடற்பாசி எல்லாம் ஒன்றாக நாக்கில் ஏறின. கண்கள் பொங்கின. இதையா மனிதர்கள் ஆசைப்பட்டுக் குடிக்கிறார்கள் என்று கோப்பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவியது. புகை விலகின இடத்தில் பார்லியின் இனிப்பு மெல்ல வந்தது. கை தானாகக் கோப்பையை எடுத்தது. இரண்டாவது மிடறில், அடுப்போரம் உலரப் போட்ட ரூரியின் கம்பளிச் சட்டை மணத்தது. மூன்றாவதை விழுங்க மனசில்லாமல் வாயிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“இவ்வளவு அழுகை எதுக்கு? கடல்ல கொட்டிடேன்,” என்றது நீர்க்காகம்.

“அவருக்குப் போய்ச் சேர வேண்டிய புகை இது. எங்க கொட்டச் சொல்ற?”

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாள். சிலர் முகத்தைச் சுளித்துத் துப்பினார்கள். சிலர் கோப்பையை மறுபடியும் நீட்டினார்கள். அடுத்த வருஷம் நல்ல வெயில் அடித்தும் தீவில் ஒருவரும் பார்லியை வெயிலில் போடவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், அந்தத் தீவுக்காரர்கள் விஸ்கிக்கான பார்லியைக் கரிமண் புகையில் உலர்த்துவது. ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்று முகம் சுளித்தபடி முதன்முதலாகக் குடிக்கிறவரின் கண் கலங்குவதும், ஏனென்று தெரியாமலே அவர் இன்னொரு மிடறு கேட்பதும் அன்று முதல்தான்.